எண்ணெய்க்கு அடியில் உப்பு

வேட்டை ரைபிள் ஒன்றின் தோட்டா அறை துருவேறிக் கிடந்தால் பழி நேராக அதன் சொந்தக்காரன் தலையில் விழும். சோம்பேறி, சுட்டுவிட்டுத் துடைக்காமல் உறையில் போட்டுவிட்டான், எண்ணெய் காட்டவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். ராணுவக் கையேடுகளும் துப்பாக்கிக் கடைக்காரர்களும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த தீர்ப்பு இது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான வரலாறு கிடைப்பது அரிது. அறையிலும் குழலிலும் என்ன படிகிறது, அது எப்படிக் கரையும், எவ்வளவு நேரத்தில் இரும்பைத் தின்னும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது தோட்டாவுக்குள் அடைத்திருக்கும் மருந்து. அந்த மருந்து மாறிய ஒவ்வொரு தடவையும் துடைக்கும் பழக்கம் ஒரு தலைமுறைக் காலம் பின்தங்கியது. அந்த இடைவெளியில் கெட்ட துப்பாக்கிகளின் சொந்தக்காரர்களில் பலர், தங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தவர்கள்தான்.

முதலில் கருமருந்து. வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10 என்பது அதன் வழக்கமான கலவை. வெடியுப்பில் பெரும்பகுதி பிகாரிலிருந்து பாட்னா வழியாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அது நெடுங்காலம் கொழுத்த வியாபாரம். இந்த மருந்து எரியும்போது எடையில் பாதிக்கும் குறைவாகவே வாயுவாகிறது. மிச்சம் பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்பைடு என்று திடப்பொருளாக நிற்கிறது. கொஞ்சம் புகையோடு போக, மீதி குழலின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. வறண்ட நாளில் ஓடுபோல் இறுகும், ஈர நாளில் சேறாகும். வாய்வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கியில் சில வெடிகளுக்குப் பிறகு அடுத்த குண்டை உள்ளே தள்ளுவதே பெரும்பாடு. 1800-ல் பிரிட்டிஷ் படைக்கு வந்த பேக்கர் ரைபிளுடன், குண்டை அடித்து இறக்குவதற்கென்றே ஆரம்பத்தில் சிறு மரச்சுத்தியும் கொடுத்தார்கள். 1849-ல் பிரெஞ்சு அதிகாரி மினியே கொண்டுவந்த குண்டு இந்தக் கசடுக்குச் சொன்ன பதில்தான்: குழலைவிடச் சிறிய குண்டு, அடியில் குழிவு, இறங்கும்போது கசடைத் தொடாமல் வழுக்கிப் போகும், வெடிக்கும்போது அடி விரிந்து, குழலின் உட்சுவரில் வெட்டிய சுழல் வரிகளைப் பற்றிக்கொள்ளும். அதே வழியில் வந்த என்ஃபீல்டு ரைபிளின் காகிதத் தோட்டாவில் குண்டிருக்கும் முனைக்குக் கொழுப்புத் தடவினார்கள். குண்டு இலகுவாக இறங்கவும் கசடு இறுகாமல் இளகியிருக்கவும் அது தேவைப்பட்டது. அந்தக் கொழுப்பு பசுவினுடையதா பன்றியினுடையதா என்ற சந்தேகம் 1857 ஜனவரியில் டம்டமில் கிளம்பி, மே 10 அன்று மீரட்டில் வெடித்த கதையை எல்லோரும் அறிவோம். கொழுப்பு ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வியை மட்டும் நம் பாடநூல்கள் கேட்பதில்லை. சிப்பாய்களின் கிளர்ச்சிக்கு இருந்த பல காரணங்களை நான் கசடுக்குள் அடைக்கப் பார்க்கவில்லை. அந்தத் தோட்டாவின் மேல் கொழுப்பு ஏறியது கசடினால் என்பது மட்டும் உண்மை.

கருமருந்துக் கசடில் ஒரு நல்ல குணமும் உண்டு: தண்ணீரில் கரைந்துவிடும். வெந்நீரை ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, சூடு ஆறுவதற்குள் உலர்த்தி, பிறகு எண்ணெய் தடவுவது. இதை எந்தச் சோதனைச் சாலையும் கண்டுபிடிக்கவில்லை. கழுவாவிட்டால் மறுநாளே குழல் துருப்பிடித்தது, அதனால் கழுவினார்கள். காரணம் தெரியாமலேயே முறை சரியாக அமைந்துவிட்டது. பின்னால் நடந்த குழப்பத்துக்கு இந்த அறியாமையே விதை. ஒரு முறை ஏன் பலிக்கிறது என்று தெரியாதவன், நிலைமை மாறியதும் முதலில் கைவிடுவது அந்த முறையைத்தான்.

பின்பக்கம் திறந்து தோட்டா போடும் துப்பாக்கிகள் 19-ம் நூற்றாண்டின் நடுவில் பரவியபோதுதான் 'அறை' என்ற தனி உறுப்பின் மேல் கவனம் வந்தது. குழலின் பின்முனையில் உலோகத் தோட்டா உட்காரும் இடம் அது. அங்கே நடப்பதைப் புரிந்துகொண்டால் பாதி நோய் பிடிபட்டுவிடும். வெடித்த கணத்தில் பித்தளைக் கூடு விரிந்து அறைச்சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்னால் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் பித்தளை தன் நெகிழ்ச்சியால் சற்றே சுருங்கி விடுபடுகிறது. அந்த 'சற்றே' மயிரிழை அளவுதான். சுவரில் துருக்குழி இருந்தால் விரியும் பித்தளை அதற்குள் புகுந்து பூட்டிக்கொள்ளும். கசடு தடித்திருந்தால் கூடு நெருக்கமாகவே உட்காரும், நெருக்கமாகவே சிக்கும். வெற்றுக் கூட்டின் விளிம்பைப் பிடித்து இழுக்கும் கொக்கி அப்போது விளிம்பைக் கிழித்துக்கொண்டு வெறுங்கையாக வரும்.

இதற்குப் பெயர்போன வழக்கு ஒன்று உண்டு. 1876 ஜூனில் மொன்டானாவின் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் அமெரிக்கத் தளபதி கஸ்டரின் குதிரைப்படைப் பிரிவு, லகோட்டா, செயென் போர்வீரர்களிடம் அழிந்தது. 1873 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைனின் செம்புக் கூடுகள் அறையில் சிக்கியதே தோல்விக்குக் காரணம் என்ற பேச்சு உடனே எழுந்தது. செம்பு பித்தளையைவிட மென்மை, நெகிழ்ச்சி குறைவு. தோல் வாரில் செருகியிருந்த தோட்டாக்களில் பச்சைக் களிம்பு ஏறி, அது அறையில் சூட்டோடு ஒட்டிக்கொண்டது. படைவீரர்கள் கத்தியால் நெம்பி எடுத்தார்கள் என்றும் சொன்னார்கள். 1983-ல் ஒரு புல்தீ அந்த நிலத்தை வெறுமையாக்கியபின், அடுத்த இரண்டு ஆண்டுகளில் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்டு ஃபாக்ஸ் ஆகியோர் தொல்லியல் ஆய்வு நடத்தி, சிதறிக்கிடந்த கூடுகளைப் பொறுக்கிப் பரிசோதித்தார்கள். நெம்பிய தழும்பு மிகச் சில கூடுகளில்தான் இருந்தது. சிக்கல் உண்மை, ஆனால் படையை அழித்தது அதுவல்ல. இந்த முடிவு என் வாதத்துக்குச் சற்றுப் பாதகம்தான்: எல்லாத் தோல்விகளையும் தோட்டாவின் தலையில் கட்டிவிட முடியாது என்று அது எச்சரிக்கிறது. ஆனால் அவர்கள் அந்த முடிவுக்கு வந்த வழி என் பக்கம் நிற்கிறது. மனிதர்களின் சாட்சியை ஒதுக்கிவிட்டு, சுட்ட கூட்டைப் படித்தார்கள்.

நல்ல துப்பாக்கிக் கம்மியரும் அதையேதான் செய்வார். கூடு உள்ளே போகும்போதே முரண்டு பிடித்தால் அறையின் முன்பகுதியில் ஏதோ படிந்திருக்கிறது. இலகுவாகப் போய், சுட்டபின் வர மறுத்தால் சுவரில் குழி, அல்லது அளவுக்கு மீறிய அழுத்தம். கூட்டின் உடலில் நீளவாக்கில் கீறல் இருந்தால் மணலோ சொரசொரப்போ. கழுத்தைத் தாண்டி வெளிப்புறம் கரி படிந்திருந்தால் கூடு போதிய அளவு விரிந்து அடைக்கவில்லை, வாயு பின்னால் வழிந்திருக்கிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சிறுவர்கள் வேட்டை பழகிய .22 துப்பாக்கிகளில் இதற்கு ஓர் எளிய உதாரணம் உண்டு. நீளக் கூட்டுக்கென்று கடைந்த அறையில் விலை மலிந்த குட்டைத் தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டால், குட்டைக் கூடு முடியும் இடத்துக்கு முன்னால் கசடு வளையமாகத் தடிக்கும். அப்புறம் நீளத் தோட்டாவைப் போட்டால் வளையத்தில் முட்டி இறுகும். பார்ப்பவர் தோட்டா சரியில்லை என்பார், அல்லது கொக்கி தேய்ந்துவிட்டது என்பார். எண்ணெயை ஊற்றுபவரும் உண்டு, அது நோயைவிட மோசமான மருந்து. எண்ணெய் பூசிய சுவரைக் கூடு பற்றிக்கொள்ளாது. வெடியின் முழு உதையும் அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் மேல் விழும். பிரிட்டனில் ராணுவ ரைபிளின் பூட்டு உறுதியானதா என்று சோதிக்க, எண்ணெய் தடவிய தோட்டாவை வேண்டுமென்றே சுட்டுப் பார்த்தார்கள் என்றால் அந்த உதையின் வலு புரியும்.

இனி கதையின் நடுக்கட்டம். 1880-களில் புகையற்ற மருந்துகள் வந்தன. பிரிட்டனில் ஃபிரெட்ரிக் ஏபெல், ஜேம்ஸ் டியூவர் இருவரும் 1889-ல் கார்டைட்டுக்குக் காப்புரிமை பெற்றார்கள். கருமருந்து எரிந்தால் என்னென்ன மிஞ்சுகிறது என்று ஆண்ட்ரூ நோபிளுடன் சேர்ந்து முன்பே விரிவாக அளந்தவர் இதே ஏபெல்தான். கசடை நன்கு அறிந்தவர் கையிலிருந்தே கசடில்லாத மருந்து வந்தது. அதற்குச் சற்று முன், 1888-ல், பிரிட்டிஷ் படை லீ-மெட்ஃபோர்டு ரைபிளை எடுத்துக்கொண்டிருந்தது. மெட்ஃபோர்டு குழலின் வரிகளை ஆழம் குறைத்து, ஓரங்களை உருட்டி அமைத்தது கருமருந்துக் கசடு மூலைகளில் அண்டாமல் இருக்கத்தான். அந்தக் குழலில் கார்டைட்டைச் சுட்டதும் அதன் கடும் வெப்பம் ஆழமில்லாத வரிகளை விரைவில் அரித்துவிட்டது. 1895-ல் ஆழமான, சதுர ஓரங்கொண்ட என்ஃபீல்டு வரிகளுக்கு மாறினார்கள். பழைய அழுக்குக்காக வடித்த குழலுக்குப் புதிய மருந்தின் சூடு எமனானது. வடிவமைப்பாளர்கள் சில ஆண்டுகளில் விழித்துக்கொண்டார்கள். துடைப்பவர்கள் விழிக்க இன்னும் 30 ஆண்டு பிடித்தது.

புகையற்ற மருந்தைச் சுட்டபின் குழலைப் பார்த்தால் மெல்லிய சாம்பல் நிறப் படலம்தான் இருக்கும். துணியை இரண்டு தடவை இழுத்தால் பளபளக்கும். இனி தண்ணீர் எதற்கு என்று வேட்டைக்காரர்கள் நினைத்ததில் என்ன தவறு? துடைத்தார்கள், நல்ல எண்ணெய் பூசினார்கள், உறையில் வைத்தார்கள். மறுநாள் எடுத்துப் பார்த்தால் செந்நிறத் துரு. மறுபடி துடைத்தால் மறுபடி வந்தது. விளக்கங்களுக்குப் பஞ்சமில்லை. இரும்பின் துளைகளுக்குள் வாயு புகுந்துகொண்டு பிறகு 'வியர்க்கிறது' என்றார்கள். புதிய மருந்திலிருந்து அமிலம் மிஞ்சுகிறது என்றார்கள். அமிலம்தான் காரணம் என்று நம்பியவர்களுக்காகக் காரத்தன்மையுள்ள எண்ணெய்களும் கரைப்பான்களும் கடைக்கு வந்தன. அமெரிக்காவில் ஹாப்பியின் 9-ம் எண் கரைப்பான் 1903-ல் வந்து இன்றும் விற்கிறது. இத்தனைக்கும் பிறகு துரு நிற்கவில்லை என்றால், கைசுத்தம் போதாது, ஆள் சரியில்லை. தீர்ப்பு மீண்டும் அங்கேயே வந்து நின்றது.

குற்றவாளி மருந்தில் இல்லை, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் இருந்தது. அக்காலப் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் முக்கியச் சரக்கு. சிவகாசித் தீக்குச்சியின் தலையில் இருப்பதும் அதுதான். அது தன் ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடாக மாறுகிறது. சமையல் உப்புக்கு உடன்பிறந்த உப்பு. மழைக்காலத்தில் உப்புஜாடி கசிவதுபோல, குழலில் படிந்த இந்த உப்பும் காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். இதை 1922-ல் அமெரிக்கச் சுரங்கத் துறையின் வேதியியலாளர் வில்பர்ட் ஹஃப் சோதனைகளால் நிறுவினார். எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் நடக்கும் அரிப்பு என்பதே அவருடைய அறிக்கையின் பொருள். உப்பு எண்ணெயில் கரையாது. ஆகவே எண்ணெய் பூசியவர்கள் உப்பை அகற்றவில்லை, மூடிவைத்தார்கள். ஈரம் எண்ணெயைத் தாண்டி உப்பைத் தேடிப் போனது. தண்ணீரால் கழுவினால் உப்பு போய்விடும், துருவும் நின்றுவிடும்.

அப்படியானால் அதே குளோரேட் பிரைமர் கருமருந்துக் காலத்திலும் இருந்ததே, அப்போது ஏன் இந்தப் புதிர் எழவில்லை? இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் வாதத்தின் முதுகெலும்பு. அப்போது உப்பு, கருமருந்தின் பெருங்கசடுக்குள் கலந்து நீர்த்துக் கிடந்தது. கரியைக் கழுவ ஊற்றிய வெந்நீர் உப்பையும் கொண்டுபோனது. புகையற்ற மருந்து கசடைக் குறைத்தது, உப்பைக் குறைக்கவில்லை. பாதுகாப்பாக இருந்த அழுக்கு போய், அழுக்கின் விஷம் மட்டும் தங்கிவிட்டது. இதற்கு வலுவான சாட்சி .22 குறிபார்ப்போர். அந்தச் சிறிய தோட்டாவில் மருந்து சொற்பம், பிரைமர்ச் சரக்கோ ஒப்பீட்டளவில் அதிகம். புகையற்ற மருந்தில் குழல்கள் வெகு சீக்கிரம் பாழாயின. எனவே விவரமறிந்தவர்கள் டியூபான்ட் நிறுவனத்தின் 'லெஸ்மோக்' என்ற, பாதி கருமருந்துத் தன்மையுள்ள அழுக்கு மருந்தையே விரும்பி வாங்கினார்கள். கசடு அதிகம், குழலின் ஆயுளும் அதிகம். காரணம் தெரியாவிட்டாலும் கணக்குத் தெரிந்தவர்கள்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு உண்டு. பிரிட்டிஷ் படை கார்டைட் காலத்திலும் வெந்நீரை விடவில்லை. புனலை வைத்து அறைவழியாகக் கொதிநீர் ஊற்றி, புல்-த்ரூ கயிற்றில் ஃபிளானல் துணியை மாட்டி இழுப்பது அங்கே கட்டளை. அந்த ரைபிள்கள் இந்தியாவின் மழையிலும் தாக்குப்பிடித்தன. ஆகவே ஒழுங்குதானே காப்பாற்றியது, ஒழுங்கின்மைதானே கெடுத்தது? ஒழுங்கு உதவியது, சந்தேகமில்லை. ஆனால் அதே ஒழுங்கோடு நாள்தோறும் எண்ணெய்த் துணியால் தேய்த்திருந்தால் உப்பு அங்கேயேதான் இருந்திருக்கும். காப்பாற்றியது தேய்ப்பல்ல, தண்ணீர். அந்த ஒழுங்கின் மறுபக்கம் ஒன்றும் உண்டு: தேய்ப்பையே சுத்தம் என்று எண்ணியதால், புல்-த்ரூ கயிறு சாய்வாக இழுபட்டு இழுபட்டுக் குழலின் வாயில் பள்ளம் பறித்தது. படைக் கம்மியர்கள் அதைத் தனி நோயாகவே பார்த்தார்கள். அந்த ரைபிள்கள் துருவுக்குத் தப்பித் துணிக்குப் பலியாயின.

தண்ணீர் தீர்க்காத சிக்கலும் இருந்தது. 1898-ல் ரிக்பி நிறுவனம் அறிமுகப்படுத்திய .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் போன்ற பெருவேட்டைத் தோட்டாக்கள் இங்கிலாந்தின் குளிரில் ஒழுங்காக நடந்துகொண்டன. வெயில் நாடுகளில் கார்டைட் இன்னும் வேகமாக எரிந்து அழுத்தம் கூடியது; கூடு அறையில் இறுகியது. புலியோ காட்டெருமையோ எதிரில் நிற்கும்போது இரட்டைக்குழல் ரைபிள் திறக்க மறுத்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. அங்கே எத்தனை தேய்த்தாலும் பயனில்லை. தோட்டாவையே மாற்றினார்கள்: வெப்பநாடுகளுக்கென்று மருந்து குறைத்த தோட்டாக்கள் வந்தன, நீண்ட கூடும் தடித்த விளிம்பும் கொண்ட .450 இரண்டாம் எண் வந்தது.

ஹஃபின் அறிக்கைக்குப் பிறகும் விஷயம் சட்டென்று முடியவில்லை. அரிக்காத பிரைமருடன் ரெமிங்டனின் 'க்ளீன்போர்' தோட்டாக்கள் 1920-களிலேயே வேட்டைக்காரர்களுக்குக் கிடைத்தன. ராணுவங்களோ, பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்தும் கெடாது என்று நிரூபணமான குளோரேட் பிரைமரை விட மனமில்லாமல் 1950-கள் வரை இழுத்தன. அந்தத் தயக்கத்தை நான் குறைசொல்ல மாட்டேன். வெடிக்காத தோட்டாவைவிடத் துருப்பிடித்த குழல் மேல் என்று அவர்கள் நினைத்தார்கள். குறைசொல்ல வேண்டியது அடுத்து வந்ததை. 1960-களில் வியட்நாமுக்கு எம்-16 ரைபிள் போனபோது, அதற்குப் பெரிதாகத் துப்புரவு தேவையில்லை என்ற எண்ணம் பரவியிருந்தது. துடைக்கும் சாமான்களும் போதிய அளவு போகவில்லை. இடையில் தோட்டாவின் மருந்தை வேறு வகைக்கு மாற்றியிருந்தார்கள், அது அதிகக் கசடு விட்டது. அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை; அந்த ஈரத்தில் அறை குழிவிழுந்தது, கூடுகள் சிக்கின, வீரர்கள் வாய்வழியாகக் கம்பியை விட்டு இடித்துத் தள்ளினார்கள். துடைக்காததே காரணம் என்ற வழக்கமான பதில் முதலில் வந்தது. 1967-ல் அமெரிக்கக் காங்கிரஸின் துணைக்குழு ஒன்று விசாரித்து, மருந்தை மாற்றிய முடிவையும் நிர்வாகத்தையும் சாடியது. பிறகு அறைக்குக் குரோமியம் வந்தது. ஜப்பானியர்கள் தங்கள் 99-ம் வகை ரைபிளில் அதை 1939-லேயே செய்திருந்தார்கள் என்பது இங்கே ஒரு கசப்பான அடிக்குறிப்பு.

இன்று கடையில் வாங்கும் வேட்டைத் தோட்டாக்களில் குளோரேட் இல்லை, ஆகவே இதெல்லாம் பழங்கதை என்று சொல்லலாம். பெரும்பாலும் சரிதான், இன்றைய வேட்டைக்காரனின் குழலுக்கு அவனுடைய துப்புரவுக் கம்பியே பெரிய ஆபத்து என்று வாதிடுவோரும் உண்டு. ஆனால் அமெரிக்காவில் வாய்வழிக் கெட்டிப்புத் துப்பாக்கிக்கென்றே தனி வேட்டைப் பருவம் ஒதுக்கும் மாநிலங்கள் பல. அந்த வேட்டைக்காரர்களுக்காக 1970-களில் கருமருந்துக்கு மாற்றாகப் 'பைரோடெக்ஸ்' வந்தது. கையாள எளிது, கசடும் குறைவு. அதில் பொட்டாசியம் பெர்குளோரேட் இருக்கிறது. எரிந்தால் மிஞ்சுவதில் ஒன்று பொட்டாசியம் குளோரைடு. குழல் சுத்தமாகத்தானே தெரிகிறது என்று துடைத்து எண்ணெய் பூசி வைத்தவர்கள், அடுத்த பருவத்தில் 1900-ம் ஆண்டின் அதே துருவைக் கண்டார்கள். வெந்நீர் ஊற்றியவர்களின் குழலில் அது இல்லை.